மூளைக் காயமும் கடைமடைத் தண்ணீரும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர் நாவில் நாடோறும் வழங்கும் பழமொழி. ஆயினும் அச்சிரசு அடிபட்டால், அதன்பின் அம்மனிதனுக்கும் அவன் குடும்பத்துக்கும் நேர்வது யாது என எண்ணிப் பார்ப்போர் நம்முள் மிகச் சிலரே. கால் முறிந்தவனைக் கண்டால் ஊரார் இரங்குவர். கண்ணிழந்தவனுக்கு வழிவிட்டு விலகுவர். மூளையிற் காயமுற்றுப் பிழைத்து வந்தவனையோ, ‘தெய்வாதீனமாய் உயிர் தப்பினான்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கச் செல்வர். உயிர் தப்பியது மெய்யே. வாழ்வு தப்பியதா என்று வினவுவார் இலர். அவ்வினாவையே யாம் ஈண்டு எழுப்ப விழைகின்றோம்.

முதற்கண் இத்துன்பத்தின் அளவைச் சிறிது நோக்குவோம். நடுவணரசினர் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் நேர்ந்த சாலை விபத்துக்கள் 4,61,312. மாண்டோர் 1,68,491 பேர்; காயமுற்றோர் 4,43,366 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் தமிழ்நாடே முதலிடம் பெற்றது. இங்கு நிகழ்ந்தவை 64,105. இறந்தோர் 17,884 பேர். முதலிடம் பெறத்தக்க துறைகள் எத்தனையோ இருக்க, இத்துறையில் முதலிடம் பெற்றமை நாணத்தக்கதன்றோ? நிற்க. இக்கணக்கில் இறந்தோர் உளர், காயமுற்றோர் உளர். தலையில் அடியுண்டு, வீடு திரும்பி, முன்போல் ஆகாது எஞ்சியோர் எத்துணையர் என்பதற்கு அத்தொகையில் இடமில்லை. எண்ணப்படாதவர்க்கு எவ்வாறு உதவி எண்ணப்படும்?

காவிரி பாயும் நம் தஞ்சை நாட்டில் இக்காயத்துக்கு வாயில்கள் பல. அறுவடைக் காலத்தில் களம் போதாமையால், நெல்லைத் தார்ச்சாலையிற் பரப்பி உலர்த்துகின்றோம். அந்திக்குப் பின் அதன்மேல் ஏறும் இருசக்கர வண்டி சறுக்குகின்றது. ஓட்டுபவன் தலையிலோ தலைக்கவசம் இல்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னை ஏறுவோர் தவறி விழுவதுண்டு. சாரத்தில் நின்று கட்டடம் கட்டுவோரும், மூட்டை சுமப்போரும் இவ்விடருக்குப் புறம்பானவரல்லர். இவையன்றி, குருதிக்குழாய் அடைபட்டேனும் வெடித்தேனும் வரும் பக்கவாதமும், ஆற்றிலோ குளத்திலோ மூழ்கி மூச்சடைத்துப் பிழைத்தோர்க்கு நேரும் கேடும், மூளைக்காய்ச்சல் விட்டுச் செல்லும் எச்சமும் இவ்வினத்தனவே. ஆகவே இஃது எங்கோ எவர்க்கோ வரும் அரிய நோயன்று. எந்த வீட்டுத் திண்ணையிலும் நாளை வந்து உட்காரக் கூடியது.

இக்காயத்தின் தன்மை யாது? கை முறிந்தால் கை ஒன்றே கெடும். மூளை காயமுற்றால், கெடுவது இன்னதென்று பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நேற்று நடந்தது நினைவில் நில்லாது. பத்து வருஷத்துக்கு முன் நடந்தது நன்கு நினைவிருக்கும். நாலு பேர் ஒருங்கே பேசினால் தலை சுழலும். சிறு வேலைக்கும் பெருங்களைப்பு உண்டாகும். உறக்கம் கெடும், வலிப்பு வருதலும் உண்டு. எல்லாவற்றினும் கொடியது, குணம் மாறுதல். சாந்தமே உருவானவன் சினமூர்த்தியாவான். ஓயாது உழைத்தவன் சுவரை நோக்கியபடியே உட்கார்ந்திருப்பான். கைகால்கள் நன்றாயிருத்தலின், ‘சோம்பேறி’ என்பர் சிலர். நடை தள்ளாடுதலின், ‘குடித்திருக்கிறான்’ என்பர் சிலர். ‘காற்றுக் கருப்புப் பிடித்தது’ என்பர் வேறு சிலர். இம்மூன்று பட்டங்களையும் ஒருங்கே சுமக்கும் இளைஞர் நம் கிராமங்களில் உளர்.

மேல்நாட்டு வரலாறு ஒன்று ஈண்டு நினைவுகூரத் தக்கது. 1848-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள வெர்மான்ட் என்னும் மாநிலத்தில், இருப்புப்பாதைக்காகப் பாறை பிளக்கும் கூட்டத்துக்குத் தலைவனாயிருந்தான் பினியாஸ் கேஜ் என்பவன். வெடிமருந்து திடீரெனப் பற்றவே, அவன் கையிலிருந்த இருப்புக்கோல் கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலையைப் பிளந்து வெளிச் சென்றது. அவன் இறக்கவில்லை, சில மாதங்களில் எழுந்து நடந்தான். ஆனால் பழகியவர்கள், இவன் பழைய கேஜ் அல்லன் என்று கண்டனர். பொறுமையும் திட்டமும் அவனை விட்டு நீங்கியிருந்தன. பழைய வேலையை முதலாளிகள் மீண்டும் தரவில்லை. இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் அறியாத பிற்பகுதி ஒன்றுண்டு. அவன் பின்னர்ச் சிலி நாடு சென்று, பல குதிரைகள் பூட்டிய வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பிழைத்தான். நாடோறும் ஒரே வழி, ஒரே நேரம், ஒரே ஒழுங்கு. அவ்வொழுங்கே சிதைந்த அவன் மனத்துக்கு ஊன்றுகோலாயிற்று என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். காயமுற்ற மூளைக்கு வேண்டுவது மருந்து மாத்திரம் அன்று. தக்க வேலையும், நிலைத்த ஒழுங்கும், உடனிருப்போர் துணையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒரத்தநாட்டுப் பக்கத்தில் ஒரு குத்தகைக் குடியானவர் குடும்பத்தை மனத்தில் எண்ணிக் கொள்வோம். குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டுவதன்று; நிலைமையை விளக்க யாம் வகுத்துக்கொண்ட உருவமே இது. இருபத்தாறு வயது மகன், டிராக்டர் ஓட்டிச் சம்பாதிப்பவன். அந்தி வேளையில் நெல் பரப்பிய சாலையிற் சறுக்கி விழுகிறான். வழிப்போக்கர் 108-ஐ அழைக்கின்றனர். 2008-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டில் ஓடிவரும் அவ்வண்டி, அவனைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கிறது. உடனே சி.டி. படம் எடுக்கின்றனர், உணர்வு எவ்வளவு உளது என்று அளவிடுகின்றனர், மண்டைக்குள் உறைந்த குருதியை வெட்டி எடுக்கின்றனர். 2021 டிசம்பர் 18-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குடும்பத்தார் காசு கட்டவேண்டுவதில்லை. மூன்று வாரத்தில் மகன் வீடு திரும்புகிறான்.

இதுகாறும் நடந்தவை யாவும் பாராட்டத்தக்கவை என்பதில் ஐயமில்லை. முந்தைய தலைமுறையில் இவ்வளவு விரைவாக இத்துணை உதவி ஓர் ஏழைக்குக் கிடைத்ததில்லை. தஞ்சையில் 1959-இல் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. திருவாரூரில் 2010-இல் ஏற்பட்டது. நாகப்பட்டினத்தில் 2022-இல் ஏற்பட்டது. உயிரைக் காக்கும் வாய்கள் பெருகியிருக்கின்றன. குறையை எடுத்துரைக்கப் புகுந்த யாம் இந்நிறையை மறைப்போமாயின் நன்றி கொன்றவராவோம்.

குறை தொடங்குவது வீட்டு வாசலிலேதான். மகன் நடக்கிறான், உண்கிறான், பேசுகிறான். ஆனால் டிராக்டரின் சாவியை எங்கு வைத்தான் என்பது அவனுக்கு நினைவில்லை. மனைவிமீது சீறுகிறான், குழந்தை அழுதால் செவியைப் பொத்திக்கொள்கிறான். மாதம் ஒன்று கழிகிறது. நகை அடகுக்குச் செல்கிறது. மனைவி நடவுக்குச் செல்வதா, கணவனைக் காப்பதா என்று தவிக்கிறாள். அவள் ஏறியிறங்க வேண்டிய படிகளை எண்ணுவோம். தலையின் மறுசோதனைக்கு மருத்துவமனை ஒன்று. கோபத்துக்கும் உறக்கமின்மைக்கும் மனநலப் பிரிவு மற்றொன்று. கைப்பயிற்சிக்கு இயன்முறை மருத்துவர் வேறு. விபத்து வழக்கின் நகலுக்குக் காவல் நிலையம். நஷ்டஈட்டுக்கு வக்கீலும், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயமும். ஊனச் சான்றுக்கு மருத்துவக் குழு. உதவித் தொகைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். வருமானச் சான்றுக்கு வருவாய்த் துறை. தொழிலாளர் நல வாரியத்திற் பதிந்திருப்பின் அவ்வலுவலகம். ஒவ்வோரிடத்திலும் அவள் நடந்ததை முதலிலிருந்து சொல்லவேண்டும். ஒவ்வோரிடத்திலும் வேறோரிடத்துக் காகிதத்தைக் கேட்பர். அலுவலர் எவரும் தீயவரல்லர். அவரவர் விதிப்படி அவரவர் சொல்வது சரியே. எல்லாரும் சரியாய்ச் சொல்ல, ஒரு குடும்பம் தவறாய்ப் போகின்றது! இதனினும் வியப்பு யாதுளது?

சட்டத்தின் நிலையையும் சிறிது ஆராய்வோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பெயர் கூறிக் குறிக்கின்றது. அதன் அட்டவணையில், நாட்பட்ட நரம்பியல் நோய்கள் என்னும் தலைப்பின்கீழ்த் தண்டுவட மரப்பு நோயும், பார்க்கின்சன் நோயும் உள. மூளைக் காயம் என்னும் பெயர் தனித்து இல்லை. ஆதலின் காயமுற்றவன் தன் துன்பத்தைத் துண்டு துண்டாக்கிக் காட்டவேண்டியவனாகிறான். கை வழங்காவிடின் உடலியக்கக் குறைபாடு. பேச்சு இழந்தால் பேச்சு மொழிக் குறைபாடு. மனம் பெரிதும் பேதுற்றால் மனநோய். நினைவும், ஊக்கமும், திட்டமிடும் ஆற்றலும் மாத்திரம் கெட்டவனோ, எந்தத் துண்டிலும் முற்றப் பொருந்தாது நிற்கின்றான். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டமும், தற்புனைவு நோய், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் என்னும் நான்குக்கே உரியது. வளர்ந்தபின் காயமுற்றவன் அங்கும் பெயரால் இடம்பெறான்.

நஷ்டஈட்டு வழியிலும் இடர் உண்டு. உடலில் எத்தனை விழுக்காடு ஊனம் என்பதோடு நில்லாது, அவ்வூனத்தால் அவனது சம்பாதிக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதையும் ஆராயவேண்டும் என்று 2010-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. 2020-ஆம் ஆண்டில், விபத்தில் மூளை சிதைந்த ஒரு பெண்ணின் வழக்கில், வாழ்நாள் முழுவதும் அவளுக்கு வேண்டும் உதவியாளரின் செலவையும் கணக்கிட்டு நஷ்டஈட்டை உயர்த்தித் தந்தது. நீதிமன்றத்தின் நோக்கம் அருளுடையது. ஆனால் அவ்வருள் ஏழையின் கையில் வந்து விழவேண்டுமாயின், அவன் நினைவும் குணமும் எவ்வளவு கெட்டன என்று அளந்து எழுதிய காகிதம் வேண்டும். அதனை உரிய காலத்தில் அளப்பார் யார்? எழுதித் தருவார் யார்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ, மனுச்செய்ய ஆறு மாத எல்லை வகுத்தது. அவ்வெல்லையைப் பற்றிய வழக்குகள் உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளன. மூளையின் குறை இன்னதென்று தெளிவாகவே ஆறு மாதம் செல்லும் என்பதை நாம் மறத்தலாகாது.

இந்நிலையை நம் நாட்டார்க்கு விளக்கக் காவிரியினும் சிறந்த உவமை இல்லை. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையிலிருந்து, மரபாக ஜூன் 12-ஆம் நாள் நீர் திறப்பர். கல்லணை வந்தடைந்த நீர் காவிரி என்றும், வெண்ணாறு என்றும், கல்லணைக் கால்வாய் என்றும் பிரிந்து செல்கின்றது. வெள்ள நீர் கொள்ளிடத்தில் விழுகின்றது. அணையில் நீர் நிறைந்திருத்தல் மாத்திரம் போதுமோ? மேட்டூரிலுள்ள பொறியியலாரும், கல்லணையில் மதகு திறப்போரும், வாய்க்கால் தோறும் நிற்கும் லஸ்கரும், முறை வைத்துப் பாய்ச்சும் ஊராரும் ஒருவர்க்கொருவர் செய்தி சொல்லி இயங்கினாலன்றிக் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. இடையில் ஒரு மதகு மூடிக்கிடந்தால், தலைமடையில் வெள்ளமும் கடைமடையில் வெடிப்பும் ஒரே காலத்திற் காணலாம். வேதாரணியத்துக் குடியானவரைக் கேட்டால் இதன் பொருளைச் சொல்வார். மூளைக் காயமுற்றோர்க்கான உதவியும் இத்தகையதே. தலைமடையாகிய மருத்துவமனையில் நீர் இருக்கின்றது. கடைமடையாகிய குடிசையில் பயிர் வாடுகின்றது. நீர் இல்லாமல் அன்று, கைம்மாற்றுவார் இல்லாமல்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிவோன் என்னும் நான்கு உறுப்புக்களும் கூடியது எனக் காட்டினார். முதல் மூன்றையும் நாம் போற்றுகின்றோம், நான்காமவனை மறந்தோம். அவனை மனைவி என்றும், தாய் என்றும் பெயரிட்டு, ஊதியமும் பயிற்சியும் ஓய்வும் இன்றி விட்டுவிட்டோம். நல்ல சமாரியன் கதையும் நம் கல்லூரியில் அனைவரும் அறிந்ததே. வழியில் அடியுண்டு கிடந்தவனைத் தூக்கியவன் என்ற அளவிலேயே அவனை நாம் நினைக்கின்றோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், விபத்தில் உதவுவோரை வழக்கினின்றும் காக்கும் பிரிவுக்கு அவன் பெயரையே சூட்டியது. ஆனால் அக்கதையை முழுதும் படித்துப் பாருங்கள். அவன் காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்திற் சேர்த்தான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, அவனைப் பார்த்துக்கொள் என்றான், மேற்செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்களித்தான். பொறுப்பைத் தக்க கையில் ஒப்படைத்தலும், மீண்டு வந்து விசாரித்தலும் அவன் அறத்தின் பாதி. நாம் முதற்பாதியைச் சட்டமாக்கிவிட்டோம். மறுபாதி இன்னும் கதையாகவே நிற்கின்றது.

பிற நாட்டார் இம்மறுபாதியை ஒருவாறு முயன்றுள்ளனர். நியூசிலாந்து நாட்டார், விபத்து எங்கு நேர்ந்தாலும், குற்றம் எவர்மேலதாயினும், சிகிச்சையும் பயிற்சியும் வருமான இழப்பீடும் ஒரே நிறுவனத்தின் வழியாகத் தரும் முறையை 1974 ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் நடத்தி வருகின்றனர். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டில் மூளைக் காயத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, பல துறையினரும் கூடிப் பணிபுரிய மாநிலங்களுக்குப் பொருளுதவி வழங்கினர். இந்தியாவில், தம் மகனார் 2005-இல் போலோ ஆட்டத்தில் தலைக்காயமுற்றதன்பின், ஜோத்பூர் மகாராஜா கஜ் சிங் அவர்கள் 2007-இல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளையை நிறுவினார். அரசர் வீட்டிலும் வருவதே இத்துன்பம். ஆயின் அரசர்க்குத் துணைவர் பலர், ஆண்டிக்குத் துணைவர் யார்?

வெகுதூரம் செல்லவும் வேண்டுவதில்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ஆம் ஆண்டில் நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். இந்தியாவில் அத்துறைக்கு அதுவே முதல் விதை. அவ்வூரிலேயே மருத்துவம் கற்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். பின் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். அவர் முயற்சியின் பயனாய் வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவர் காயம் மூளையதன்று. எனினும், உயிரைக் காத்தலோடு மருத்துவம் முடிந்துவிடுவதில்லை, வாழ்வை மீட்டலே அதன் முடிவு என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

ஆயின் செய்யத்தக்கது யாது? எம் சிற்றறிவுக்கு எட்டிய நான்கினைக் கூறுவோம்.

முதலாவது, தலைக்காயத்தோடு மருத்துவமனை விட்டுச் செல்லும் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணும், தமிழில் எழுதிய ஒரு கைப்புத்தகமும் தருதல் வேண்டும். இது புதுமையன்று. நம் மாநிலத்தில் கருவுற்ற தாய் ஒவ்வொருத்திக்கும் பிக்மி எண் அளிக்கின்றனர். அவ்வெண்ணைப் பற்றிக்கொண்டு கிராமச் செவிலியர் வீடு தேடிச் செல்கின்றார். குழந்தையின் பிறப்புச் சான்றும் அதனோடு இணைகின்றது. உலகுக்கு வரும் உயிரைத் தொடர்ந்து செல்லும் நம்மால், உலகினின்று நழுவும் உயிரைத் தொடர்தல் இயலாதோ? அப்புத்தகத்தில், மறதியும் கோபமும் காயத்தின் விளைவு, அவன் குற்றமன்று என்னும் ஒரு வாக்கியம் இருப்பினும் போதும். பல வீடுகளிற் சண்டை தணியும்.

இரண்டாவது, தாலுகா ஒன்றுக்கு ஒரு வழித்துணைவர் வேண்டும். அவர் மருத்துவம் செய்யவேண்டுவதில்லை. எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதம், எந்நாளுக்குள் என்பதை அறிந்து, குடும்பத்தின் கதையை ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்டு, பிறர்க்கு அவரே உரைப்பவராயிருத்தல் வேண்டும். வாய்க்காலுக்கு லஸ்கர் எவ்வாறோ, குடும்பத்துக்கு இவர் அவ்வாறு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு வீடாய்ச் செல்லும் பணியாளரை ஏற்கெனவே உடையது. இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே தருகின்றது. உலக வங்கியின் கடனுதவி பெற்ற ‘தமிழ்நாடு உரிமைகள்’ திட்டம், ‘விழுதுகள்’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களை அமைத்து வருகின்றது. அவ்விரண்டின் பணியிலும் மூளைக் காயத்தை வெளிப்படையாய்ச் சேர்த்தால், புதிய கட்டடம் ஒன்றும் எழுப்பவேண்டுவதில்லை.

மூன்றாவது, மாதம் ஒருமுறை, ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசையைச் சுற்றி, மருத்துவம், மாற்றுத்திறனாளிகள் நலம், வருவாய், காவல், தொழிலாளர் நலம், கல்வி, சட்டப் பணிகள் ஆகிய துறையினர் கூடி உட்கார வேண்டும். திட்டத்தைப் பற்றிப் பொதுவாய்ப் பேசுதற்கன்று. பெயர் பெயராய், இவருக்கு எது தடைப்பட்டது, எவரிடம் தடைப்பட்டது என்று பார்த்தற்கு. மாற்றுத்திறனாளிகட்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டமே தந்துள்ளது. அதனை அறிவிப்பார் அம்மேசையில் இருப்பின் இடைத்தரகர்க்கு இடமேது?

நான்காவது, நினைவும் ஊக்கமும் கெட்டமையை அளந்து சான்றளிக்கும் முறை, தலைநகரை நாடாமல், தஞ்சை, திருவாரூர், நாகை மருத்துவக் கல்லூரிகளிலேயே கிடைத்தல் வேண்டும். தனி மருத்துவக் கல்லூரி இல்லாத மயிலாடுதுறை மாவட்டத்தாரும் அவற்றை எளிதில் அடைய வழிசெய்தல் வேண்டும். மூளைக் காயத்தைச் சட்டத்தின் அட்டவணையிற் பெயர் கூறிச் சேர்க்க வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் மன்றத்திற் பேசுதலும் வேண்டும். பெயரில்லாத துன்பத்துக்குக் கோப்பும் இல்லை. கோப்பில்லாததற்குப் பொருளும் இல்லை.

இதற்கு மறுப்புக் கூறுவோர் இருவகையர். ‘இருக்கும் அலுவலகங்கள் போதாவென்று இன்னுமோர் அலுவலரோ? இவரும் ஒரு படியாகி நிற்பாரன்றோ?’ என்பர் ஒருசாரார். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. ஆகவேதான் வழித்துணைவர்க்குக் கையொப்பமிடும் அதிகாரம் வேண்டா என்கின்றோம். தடுக்கும் அதிகாரம் உடையவரே படியாவர். நடந்து செல்லும் கடமை மாத்திரம் உடையவர் வழியாவர். ‘குணமடையாதவர்க்குச் செலவிடும் பொருள், குணமடைவோர்க்குப் பயன்படலாகாதோ?’ என்பர் மற்றொருசாரார். இக்கூற்றின் அடிப்படையே பிழை. மூளைக் காயமுற்றோர் முதற்சில மாதங்களில் விரைந்தும், அதன்பின் ஆண்டுக்கணக்கில் மெல்லவும் தேறி வருதல் உண்டு. உரிய காலத்தில் உதவி பெற்றவன் முழு டிராக்டர் ஓட்டுநனாய் மீளாவிடினும், மாட்டுப் பண்ணையிலோ, நாற்றங்காலிலோ, ஒழுங்கான சிறு வேலையில் நிலைத்தல் கூடும். உதவி பெறாதவனோ தான் வீழ்வதோடு, மனைவியின் கூலியையும் பிள்ளையின் படிப்பையும் உடன் வீழ்த்துகின்றான். அறுவைக்குப் பெரும்பொருள் செலவிட்டுக் காத்த உயிரை, சிறுபொருள் இன்மையால் திண்ணையில் வாடவிடுதல், நட்ட பயிரைக் கதிர்ப் பருவத்திற் காயவிடுவது போன்றதே. அது சிக்கனம் அன்று; வீண்செலவே ஆம்.

இறுதியாக, மாணவ நண்பர்காள்! இவையெல்லாம் அரசினர் செய்யவேண்டுவன என்று நாம் கைகட்டி நிற்றல் தகாது. நாட்டு நலப் பணித் திட்டத்தின் பெயரால் ஆண்டுதோறும் கிராமங்களுக்குச் செல்கின்றோம், மரம் நடுகின்றோம், கோயிற் குளம் தூர்வாருகின்றோம். இவ்வாண்டு ஓர் ஊரைத் தேர்ந்து, வீடு தோறும் சென்று, தலையில் அடியுண்டு தேறாதவர் எவரேனும் உளரா என்று வினவி, அவர்தம் காகிதங்களை ஒழுங்குபடுத்தித் தருவோமாயின், அதனால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் பயன் பெரிது. மனு எழுதத் தமிழ் மாணவரினும் தக்கார் யாவர்? இலக்கணம் கற்றது ஏட்டோடு முடிவதற்கோ? கணிதம் கற்றோர் கணக்கெடுக்கலாம். விலங்கியல் கற்றோர் மூளையின் இயல்பை ஊரார்க்கு எளிய சொல்லில் விளக்கலாம். அறுவடைக் காலத்தில் நெல் பரப்பிய சாலையோரம் ஒரு விளக்கும் ஒரு சிவப்புத் துணியும் வைக்கச் சொல்லலாம். வண்டி ஏறுமுன் தலைக்கவசம் அணிதல் நம் கையிலேயே உள்ளது. அதற்கு எந்த இலாகாவின் உத்தரவும் வேண்டுவதில்லை.

காவிரி கடைமடை சேர்ந்தாலன்றிச் சோழநாடு சோறுடைத்து என்னும் பெருமை முற்றுப்பெறாது. அவ்வாறே, காத்த உயிர் தன் வீட்டில் மதிப்போடு வாழ்ந்தாலன்றி மருத்துவத்தின் பெருமையும் முற்றுப்பெறாது. நீர் இருக்கின்றது; வாய்க்காலும் இருக்கின்றது. மதகுகளை ஒருவர்க்கொருவர் செய்தி சொல்லித் திறக்கவேண்டுவதே எஞ்சியது. அதனைச் செய்யுமாறு ஆள்வோரை வேண்டுவோம். நம்மால் இயன்றதை இவ்வாண்டே தொடங்குவோமாக.